நித்யாவின் ஓவனில் பச்சைப் புள்ளி

ஆமாம், நான்தான். நித்யாவின் ஓவனுக்குள் இருக்கும் கம்பித் தட்டைப் பெயிண்ட் தின்னரில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்த்தது நான்தான். அன்றைக்கு நான் காட்டிய பஞ்சில் இருந்தது தின்னரா என்று நீ போனில் கேட்டபோது, “எதுக்குடா இப்ப அது” என்றேன். கேள்விக்குக் கேள்வி. நீ வைத்துவிட்டாய். வைத்தது சரிதான். போனில் பேசினால் நான் உன் குரலையே சோதிக்கத் தொடங்கிவிடுகிறேன். பின்னால் என்ன சத்தம், பக்கத்தில் யார், ஏன் ஒரு நொடி தாமதித்தாய். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் நீ இல்லை. சோதிக்க ஆள் இல்லாதபோது சொல்வது மட்டும்தான் மிச்சம்.

ஆறு வாரமாக நித்யா அரூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீயும் அங்கேயே. அவன் வேலை செய்யும் டிராக்டர் சர்வீஸ் சென்டர் நடக்கிற தூரம், தினமும் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வண்டி ஓட்ட வேண்டியதில்லை, அவனுக்கு அதுதான் வசதி என்று தெருவில் கேட்கிறவர்களிடம் சொல்கிறேன். யாரும் நம்புவதில்லை. பால் ஊற்ற வரும் சரோஜா, “பையன் மாமியா வூட்டோட தங்கிட்டானாமே, உங்க சமையல் அவ்ளோ மோசமாங்கக்கா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். அடுத்த மாதம் நித்யாவுக்கு ஏழு. நம் இரண்டு குடும்பத்திலும் வழக்கம் ஒன்றுதான். வளைகாப்பு புருஷன் வீட்டில் நடக்கும், அது முடிந்த பிறகுதான் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். முன்பே போய்விட்டவளை எப்படி அழைத்துப்போவது? அவள் அம்மா என்னிடம் நாள் பார்க்கச் சொல்லவில்லை. நித்யா இந்த வாசலுக்குத் திரும்பி வருவாளா, பிறக்கப்போகும் பிள்ளையை என் கையில் கொடுப்பாளா. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம் எப்படி இங்கே வந்து நின்றோம் என்பது.

உன் ஈயத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்று வருடத்துக்கு முன், வாணியாறு அணையிலிருந்து திரும்பி வந்து, கடையில் வாங்கிய ஒரு ஜிக் ஹெட்டை என் முன்னால் வைத்தாய். தூண்டில் முள், அதன் கழுத்தில் மீன்தலை மாதிரி ஒரு ஈயக் குண்டு, அதற்கு இரண்டு கண், மேலே சிவப்புச் சாயம். பாறையில் நாலு தடவை தட்டியதில் சாயம் உரிந்து ஈயம் தெரிந்தது. “விராலுக்கு இது மூக்கறுத்த மாதிரி தெரியும்மா” என்றாய். நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இது பெயிண்ட், எங்கள் பட்டறையில் கேட்டுக்கு அடித்து ஓவனில் வேகவைக்கும் சாயப் பவுடராக இருந்தால் இப்படி உரியாது என்றேன். அந்த யோசனை என்னுடையது. அதை நீ எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். இப்போது அதை நானே என்மேல் எழுதிக்கொள்கிறேன். தொப்பூர் கணவாய் டயர் கடையிலிருந்து, லாரிச் சக்கரத்தில் பேலன்சுக்கு அடித்துக் கழற்றிய ஈயத்துண்டுகளைப் பையில் கொண்டுவந்தாய். பின்பக்கத் தகரக் கொட்டகையில் உருக்கினாய். அலுமினிய அச்சில் முள்ளை வைத்து மூடி, ஊற்றி, ஆறவிட்டுத் திறந்தாய். முதல் தடவை பாதித் தலைக்கு மூக்கே இல்லை. அடுத்த வாரம் எல்லாத் தலையும் முழுசாக வந்தன. பட்டறையில் பவுடர் பெட்டியின் அடியில் தங்கும் மிச்சப் பவுடரை முதலாளியிடம் கேட்டு, தயிர் டப்பாக்களில் நான் கொண்டுவந்து கொடுத்தேன். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. நாங்கள் கேட்டுக்குத் தெளிக்கும் துப்பாக்கியால் அடிப்போம். நீ ஈயத் தலையைச் சூடுகாட்டி, பவுடரில் ஒரு நொடி முக்கி, தட்டி எடுப்பாய். கயிறு கட்டும் துளை அடைத்துக்கொள்ளும் முன்பே ஊசியால் குத்திவிட வேண்டும் என்பதை நீயாகக் கண்டுபிடித்தாய். பிறகு கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, நூற்றெண்பது டிகிரியில் இருபது நிமிடம். வெளியே வரும்போது சின்னச் சின்ன மிட்டாய்கள் மாதிரி இருக்கும். அழகாக இருந்தன. எனக்கு அதுவும் பயமாக இருந்தது. ஒரு பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய அழகு.

ஈயம் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்று நான் கல்லூரியில் வேதியியலில் படித்தது கொஞ்சம், பிறகு தேடிப் படித்தது நிறைய. வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். அதனால் அந்தக் கொட்டகையில் இருப்பது எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது என்று பேசி வைத்தோம். பழைய இரும்புக் கடையில் ஒரு கேக் ஓவன் வாங்கிக் கொட்டகையில் வைத்தாய். அதன் கதவில் நான் மார்க்கரால் கொட்டை எழுத்தில் ‘சோறு அல்ல’ என்று எழுதினேன். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, “எனக்குத்தான எழுதியிருக்குது” என்று கேட்டார்.

எனக்கு வேலை தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பொம்மிடி ரோட்டுப் பட்டறையில் எனக்குச் சம்பளம் சந்தேகப்படுவதற்குத்தான். கேட்டும் ஜன்னல் கம்பியும் பவுடர் அடித்து, அறை மாதிரி இருக்கும் ஓவனுக்குள் போய், வெந்து, வெளியே வரும். முதலில் வருவது என்னிடம். பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிப் பிய்ப்பேன். பஞ்சில் தின்னர் நனைத்து முப்பது தடவை தேய்ப்பேன். பஞ்சில் நிறம் வந்தால் வேகவில்லை, திருப்பி அனுப்பு. வராவிட்டால் வெந்திருக்கிறது. பளபளப்பைப் பார்த்து நான் எதையும் அனுப்பியதில்லை. இதில் நான் கெட்டிக்காரி. அதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன் என்பதுதான் விஷயம். அல்லது வீட்டிலிருந்துதான் பட்டறைக்குக் கொண்டுபோனேனோ. எது முதலில் என்று எனக்கு நிச்சயமில்லை.

நித்யா வந்தாள். அவளோடு அவள் ஓவனும் வந்தது. அவள் அம்மா சீராகக் கொடுத்தது. பிறந்தநாள் கேக்குக்கு வாரம் மூன்று நாலு ஆர்டர் எடுத்தாள். முட்டை அடிக்கும்போது தனக்குத்தானே எண்ணிக்கொள்வாள். கேக்கின் மேல்பக்கம் புடைத்திருப்பதைச் சீவித் தள்ளுவாள், அந்தத் துண்டுகளைத் தட்டில் வைத்து டீயோடு எல்லோருக்கும் கொடுப்பாள். உன் அப்பாவுக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அந்தத் துண்டுகள் ஒரு காரணம். எனக்கும் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதால் இன்னும் கவனமாகப் பார்த்தேன். அவளுக்கு நாலாவது மாதம் அது. கேரளாவிலிருந்து யாரோ உன்னிடம் நாற்பது ஜிக் கேட்டிருந்தார், விளக்கெரிவது போன்ற கிளிப்பச்சையில். அந்த நிறத்தை நீ தனியாகத் தபாலில் வரவழைத்தாய். கொட்டகை ஓவனின் சூடேற்றும் கம்பி அந்த வாரம் எரிந்துபோனது. நீ அதைக் கழற்றி வைத்துவிட்டு முகம் சுளித்ததை நான் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து நாற்பதும் வெந்து, பொட்டலமாகி, கொரியருக்குப் போய்விட்டன. எங்கே வேகவைத்தாய் என்று கேட்டேன். கடத்தூரில் சிநேகிதன் ஓவன் வைத்திருக்கிறான் என்றாய். எந்தச் சிநேகிதன்? மொபைல் கடைக்காரன். மொபைல் கடைக்காரனுக்கு எதற்கு ஓவன்? நீ சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாய். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை.

திங்கட்கிழமை. நித்யா கோயிலுக்குப் போயிருந்தாள். ஓவனைத் திறந்து பார்த்தேன். கம்பித் தட்டின் ஓரத்தில், பாதிக் கடுகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. விரலால் தொட்டேன், கெட்டியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை பட்டறையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலில் தின்னர் கொண்டுவந்து தேய்த்தேன். முப்பது தடவை. பஞ்சில் ஒன்றும் வரவில்லை. வெந்த பவுடர். வெந்தது என்றால் இங்கே வெந்தது. இங்கே வெந்தது என்றால் ஈயமும் இங்கே தொங்கியது. நியாயமாகப் பார்த்தால் அந்த நிமிடமே ஓவனின் வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை. நீ மறுப்பாய் என்று தெரியும். மறுக்க முடியாதபடி வேண்டும் என்று நினைத்தேன். கொரியர் ரசீதில் தேதி பார்க்க வேண்டும், கொட்டகையில் தொங்கவிடும் கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், உன் வண்டி கடத்தூர் போய்வந்த கிலோமீட்டரைக் கணக்குப் போட வேண்டும். புதன் போனது. வியாழன் போனது. வெள்ளிக்கிழமை மதியம், நித்யா ஒரு கேக்கைப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது, நீ அரை நாள் லீவில் சாப்பிட வந்திருந்தாய், நான் சொன்னேன். அந்தக் கேக்கைக் கொடுக்காதே, அந்த ஓவனில் ஈயம் வெந்திருக்கிறது, உன் புருஷனைக் கேள் என்று.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் கேட்டபடி எழுதுகிறேன். நீ கத்தவில்லை. தட்டைத் தள்ளி வைத்தாய். “சத்தியமா இல்லம்மா” என்றாய். நான் பஞ்சைக் காட்டினேன், தட்டைக் காட்டினேன். அப்போதுதான், பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்று கூப்பிட்டவன், “நீங்க அப்பாகிட்ட மீட்டரு பாத்தீங்க. என் ஆபீசுக்கு கொரியர்காரின்னு போன் பண்ணி நான் வந்திருக்கனான்னு கேட்டீங்க. இப்ப பஞ்சு. போங்க” என்றாய். உன் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே, “என்னைய எதுக்குடா நடுவுல இழுக்கற. நான் அந்தக் கேசுல எப்பவோ விடுதலை ஆயிட்டேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

மீட்டர் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது. உன் அப்பா பால் சங்கத்துக்கு மொபெட்டில் போய்வருவார். போக வர ஆறு கிலோமீட்டர். ஒருநாள் தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன், பிறகு தற்செயலாக இல்லை. தினமும் பதினான்கு கூடுதல். அடுப்படிச் சுவரில், அரிசி டின்னுக்குப் பின்னால், பென்சிலால் எழுதி வைத்தேன். மூன்று மாதம். யார் வீடு ஏழு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று ஊர் ஊராக மனதில் தேடினேன். பிறகு ஒருநாள் அந்த எண்களை அவர் முன்னால் படித்தேன். அவர் எழுந்து உள்ளே போய், பழைய சாக்கிலிருந்து ஒரு தூண்டிலை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். அணைக்குப் போயிருக்கிறார். பிடித்த மீனை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாராம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “சொன்னா எத்தன மீனு, என்னா மீனு, யாரு கூட இருந்தாங்கன்னு கேப்ப. மீனே பரவால்ல, அது வாயத் தொறந்தா மாட்டிக்கும்னு அதுக்குத் தெரியும்” என்றார். அன்றைக்கு நான் வெட்கப்பட்டேன். ஆனால் கண்ணு, உண்மையைச் சொன்னால், வெட்கத்தோடு ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது. மூன்று மாதக் கணக்கு வீணாகிப்போன ஏமாற்றம். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இனி உனக்குத் தெரியாதது. நித்யா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ தின்னரைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாய், வேறு ஒன்றைக் கேட்டிருப்பாய். நான் உன்மேல் பழி சொன்னதால்தான் அவள் கோபித்துக்கொண்டு போனாள் என்று நீ நினைக்கிறாய். இல்லை. நீ போன பிறகு, உன் அப்பாவும் எழுந்து போன பிறகு, அவள் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

“அத்தை, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

திங்கட்கிழமை என்றேன். பெருமையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு நாள் பொறுமையாகச் சேகரித்தேன் என்பது போல. அவள் விரலை மடக்கி எண்ணினாள், முட்டை அடிக்கும்போது எண்ணுவது போலவே.

“புதன்கெழம கேக்குத் துண்டு குடுத்தேன். நீங்க அப்பறம் சாப்பிடறேன்னு காயிதத்துல மடிச்சி வெச்சிக்கிட்டீங்க. நான் உங்க எதிர்லயே ரெண்டு துண்டு தின்னேன்.”

அவிழ்த்த ரிப்பனை அவள் விரலில் சுற்றினாள்.

“உங்களுக்கு வேணாம்னு தெரிஞ்சிருக்குது. எனக்கும் வேணாம்னு ஏன் தோணலீங்க?”

அவ்வளவுதான் கேட்டாள். குரல் உயரவில்லை. நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினேன். நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன், அதைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது, காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடும் அளவுக்கு. மாலையில் நீ வந்து இரண்டு பையை வண்டியில் வைத்தாய். அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஓவனை விட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த மூன்று வாரம் நான் சரி, நீ தப்பு என்றே இருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, பட்டறையில் கட்டியிருந்த புடவையைத் துவைக்க எடுத்தேன். வெயிலில் உதறியபோது கொசுவ மடிப்பிலிருந்து தூசு பறந்து தரையில் விழுந்தது. பச்சை. ஒரு பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பிகளுக்கு அந்த மாதம் முழுவதும் நாங்கள் அடித்துக்கொண்டிருந்த கரும்பச்சை. நான் அந்தப் புடவையோடுதான் தினமும் வீட்டுக்கு வருகிறேன், அந்தப் புடவையோடுதான் அடுப்படிக்குப் போகிறேன். நித்யாவுக்கு உதவி என்று எத்தனை தடவை அந்தக் கம்பித் தட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் மேலிருந்து ஒரு துளி விழுந்தால், அடுத்த கேக் வேகும்போது அதுவும் வேகும். கேக்குக்கும் நூற்றெண்பது டிகிரிதான். வெந்திருக்கிறது என்று பஞ்சு சொன்னது. எங்கிருந்து வந்தது என்று அது சொல்லவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தேய்க்கிற எனக்கு இந்தச் சின்ன விஷயம் எட்டவில்லை.

கம்பித் தட்டை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தேன். அடுப்படி வெளிச்சத்தில் எல்லாப் பச்சையும் ஒன்றுதான். வெயிலில் ஒன்றில்லை. கொட்டகையில் நீ கழித்துப்போட்ட ஒரு கிளிப்பச்சைத் தலையைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்தேன். பட்டறையிலிருந்து ஒரு கரும்பச்சைத் தகடும் வைத்தேன். உன் அப்பாவைக் கூப்பிட்டு எது எதோடு சேர்கிறது என்று கேட்டேன், நான் எதுவும் சொல்லாமல். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். தகட்டைப் புள்ளியின் பக்கம் நகர்த்தி வைத்தார். “மீட்டரு இப்ப உன் பக்கம் ஓடுது” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போடப் போனார். அவர் டீ போட்டு நான் பார்த்து நாலைந்து வருடம் இருக்கும்.

அதோடு விட்டேனா? இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி என்னுடையது. சரி. ஆனால் அதனால் நீ அங்கே வேகவைக்கவில்லை என்று ஆகிவிடுமா? போன வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கடத்தூர் பஸ்ஸில் ஏறினேன். மொபைல் கடையைக் கண்டுபிடித்தேன். எதிரில் பழக்கடையில் நின்றேன். உன் வயதுப் பையன், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, யாருடைய போனையோ பிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே போய், தம்பி, உன்னிடம் ஓவன் இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியதுதான். போனின் கண்ணாடியைக் கழற்றச் சூடு காட்டுவதற்கு ஒரு பெட்டி வைத்திருப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால் போதும். கடை வாசல் வரை போனேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “என்னா வேணுங்கம்மா” என்றான். ஒன்றும் வேண்டாம் என்றேன். அரை டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவன் இருக்கிறது என்று சொன்னாலும், உனக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைப்பேன். அது எனக்கு அங்கே நிற்கும்போது தெரிந்தது. அதனால் கேட்கவில்லை. நீ கடத்தூருக்குப் போனாயா இல்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பஸ்ஸில் வரும்போது அந்தத் தெரியாமை கையில் இருந்த பழம் மாதிரி கனத்தது. வீட்டுக்கு வந்தும் கனக்கிறது.

உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. அதனால் சிலது சொல்ல வேண்டும், கேட்டால் கேள். ஈயம் உருக்கிய சட்டையோடு பிள்ளையைத் தூக்காதே. கையை மட்டும் கழுவினால் போதாது, குளி. கொட்டகையில் போட்ட செருப்பு கொட்டகையிலேயே கிடக்கட்டும். நித்யா அந்தப் பக்கமே வர வேண்டாம். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, நித்யாவின் டாக்டரிடம் கேளுங்கள், சேலத்தில் எடுப்பார்கள். உனக்கும் எடு. என்னிடம் சத்தியம் செய்துவிட்டதால் பரிசோதனை வேண்டாம் என்று இருந்துவிடாதே. இது உன்னைச் சந்தேகப்பட்டுச் சொல்வதல்ல. கொஞ்சம் சந்தேகப்பட்டும்தான் சொல்கிறேன். என்னால் அதைத் தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை.

உன்னிடமும் இது இருக்கிறது. நித்யா போனை வைத்தவுடன் யார் என்று கேட்பாய். அவள் சொன்ன பிறகும் ஒரு வினாடி அவளைப் பார்ப்பாய். நான் அந்த வினாடியைப் பார்த்திருக்கிறேன். அது என் வினாடி. அது போகாது, போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தட்டில் ஒரு புள்ளி இருந்தால் பார்க்கிற கண் வேண்டும். ஆனால் பார்த்ததும் சொல்லிவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது, இதைச் சாப்பிடாதே, தப்பாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிடு. தப்பாக இருந்தால் ஒரு கேக் போகும், கொஞ்சம் மரியாதை போகும். நான் செய்தது அதில்லை. நான் அவளைப் புதன்கிழமை சாப்பிடவிட்டேன், வெள்ளிக்கிழமை ஜெயிப்பதற்காக. ஈயம் அந்தத் துண்டில் இல்லாமல் இருந்திருக்கலாம். இருக்கிறது என்று நம்பிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். உன்மேல் போட்ட பழியை நீ மன்னித்தாலும் இதை மன்னிக்க உனக்கு உரிமை இல்லை. அது அவளுடையது.

இனிமேல் மிச்சப் பவுடர் கொண்டுவர மாட்டேன். வேண்டுமென்றால் நீயே வாங்கிக்கொள். பட்டறையில் பெண்களுக்கு உடை மாற்ற ஒரு மறைப்பு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்று அவர் கேட்டார். வளைகாப்பைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அரூரிலேயே நடக்கட்டும் என்றால் நடக்கட்டும். வரச் சொன்னால் வருவேன், வளையலை யார் முதலில் போடுவது என்று நிற்க மாட்டேன்.

இதுவரை நேற்று எழுதியது. தபாலில் போடுவதற்கு முன், இன்று காலை, துவைத்து வெயிலில் உலர்த்திய வேறு புடவையைக் கட்டிக்கொண்டு, நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அரூர் பஸ்ஸில் ஏறினேன். நித்யாவின் அம்மாதான் கதவைத் திறந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நித்யா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்று, புள்ளி என் புடவையிலிருந்து விழுந்தது என்று சொன்னேன். பிறகு, நாலு நாள் தெரிந்தும் அவளிடம் சொல்லாமல் இருந்தேன் என்று அவள் அம்மாவின் எதிரில் சொன்னேன். மன்னிப்பாளா என்று அவள் முகத்தைச் சோதிக்காமல் திரும்பினேன். அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. பஸ் நிலையத்துக்கு நடந்து வந்து உட்கார்ந்து, இந்தக் கடைசிப் பகுதியை எழுதினேன்.